கண்ணாடியில் விழுந்த மஞ்சள்

அற்புதராஜ் தன் வாழ்நாளில் அதிகமாகச் சொன்ன சொல் "சரிங்க." அவரைத் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவருடைய அப்பா சேலத்தில் ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரராக இருந்தவர். பங்குச்சாமியார் முதல் அரிசி நிறுத்துக் கொடுக்கும் கணக்குப்பிள்ளை வரை எல்லாருக்கும் அவர் வைத்திருந்த பதில் அந்த ஒன்றுதான். மகனுக்கு விட்டுப்போன சொத்தும் அதுவே. "தங்கமான மனுசன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டார்" என்று நாம் சிலரைப் புகழ்கிறோம். அந்தப் புகழ்ச்சிக்குள் எவ்வளவு கொடுமை ஒளிந்திருக்கிறது என்று யோசிப்பதில்லை. அற்புதராஜுக்கு நடந்ததை அறிந்த பிறகு என்னால் எவரையும் அப்படிப் புகழ முடிவதில்லை.

இளமையில் அவர் சங்ககிரி லாரிகளில் ஓடினார். நாக்பூர், ராய்ப்பூர், கௌகாத்தி என்று அவர் போகாத ஊர் குறைவு. லாரியில் ஒரு சுதந்திரம் இருந்தது. முதலாளி சங்ககிரியில் இருப்பார், வண்டி ஆந்திராவில் இருக்கும். முன்கண்ணாடிக்குக் கீழே என்ன கிடக்கலாம், என்ன கிடக்கக் கூடாது என்பதை ஸ்டியரிங் பிடித்தவரே முடிவு செய்தார். அற்புதராஜ் அங்கே ஒரு பழைய கறுப்புக் கம்பளியை விரித்திருந்தார். அவரோடு ஓடியவர்களில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். டேஷ்போர்டில் வெள்ளைத் துண்டு கிடந்தால், வெயில் அதில் பட்டு எழும்பிக் கண்ணாடியில் படியும். ரோட்டின் மேல் இன்னொரு துண்டை விரித்தது போலாகிவிடும். கறுப்பு அந்த வெளிச்சத்தை விழுங்கிக்கொள்ளும். நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படித்ததைப் பரீட்சைத் தாளோடு கட்டிக் கொடுத்துவிட்டு வருவது நம் வழக்கம்.

முதுகுவலி வந்து லாரியை விட்டார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருந்த நவநீதகிருஷ்ணனிடம் கார் ஓட்டச் சேர்ந்தார். நவநீதகிருஷ்ணனுக்கு நாமகிரிப்பேட்டைப் பக்கம் பூர்வீகத் தோட்டம், அதை ஒட்டி ஒரு மஞ்சள் கிடங்கு. கிடங்கு நிர்வாகத்தை அவர் மனைவி பிரவீனா பார்த்துக்கொண்டார். வாரத்தில் சில நாட்கள் சேலத்திலிருந்து போய்வருவார். அற்புதராஜை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். கிறிஸ்துமசுக்கு அவர் மனைவி இன்னாசிமேரிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார். ஒரு கெட்டவரைத் தேடிப் பிடித்துப் பழி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கும் வசதி இந்தக் கதையில் இல்லை. அதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தீபாவளியை ஒட்டிப் புதுக் கார் வந்தது. டேஷ்போர்டின் நடுவே பெரிய ஸ்கிரீன் ஒன்று, சிலேட்டைச் செங்குத்தாக நட்டு வைத்தது போல நின்றது. சுற்றிலும் பளபளக்கும் வெள்ளி விளிம்பு. ஷோரூம் விளக்கில் பார்க்க அழகுதான். ரோட்டில் இறங்கியதும் அதன் குணம் தெரிந்தது. மாலையில் ராசிபுரத்திலிருந்து சேலத்துக்குத் திரும்பினால், இடப்பக்க ஜன்னல் வழியே சாயும் வெயில் ஸ்கிரீனில் பட்டு நேராகக் கண்ணுக்குள் பாயும். மேப் தெரிய வேண்டிய இடத்தில் அற்புதராஜின் வெள்ளைச் சட்டைதான் தெரியும். வெயில் எதிரே இருந்தாலோ அந்த வெள்ளி விளிம்பு முன்கண்ணாடியில் ஒரு கோடாக மிதக்கும்.

சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பார்த்தார்.

"பிரைட்னஸைக் குறைச்சு வைங்கண்ணா."

"வெளிச்சம் ஸ்கிரீன் போடறது இல்லீங்க. சூரியன் போடறது."

"சூரியனுக்கு நம்மகிட்ட செட்டிங்ஸ் இல்லீங்களேண்ணா" என்று சிரித்தார் அங்கிருந்தவர்.

அற்புதராஜும் சிரித்துவிட்டு, "சரிங்க" என்று வந்துவிட்டார்.

இன்னாசிமேரி கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு தையல்கடையில் வக்கீல்களுக்கு அங்கி தைப்பவர். அங்கி தைத்து மிஞ்சிய கறுப்புத் துணியில் டேஷ்போர்டின் அளவுக்கு ஒரு விரிப்புத் தைத்தார். ஸ்கிரீனை மூடிக்கொள்ள ஒரு மடிப்பும் வைத்தார். வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். போட்ட அன்றே ரோடு பழைய ரோடாகத் தெரிந்தது.

கிடங்கு வாசலில் காவலுக்கு இருந்த சின்னுசாமி பழைய லாரி ஆள், அற்புதராஜைவிட மூத்தவர். விரிப்பைப் பார்த்ததும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்றா அற்புதம், காருக்குக் கறுப்புச் சட்டை மாட்டிட்டயா? கட்சியில சேர்த்துட்டயாக்கும்?"

"வெயிலுக்குங்க."

"பாத்துக்க. நாளைக்குக் கோயில் வாசல்ல கொண்டுபோய் நிறுத்துனா ஸ்டார்ட் ஆவமாட்டேன்னு சொல்லிரப் போவுது!"

அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பின்சீட்டில் இருந்த பிரவீனா சிரிக்கவில்லை. அந்தக் கேலி அவர் மனதில் தங்கிவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் மஞ்சள் விலை இறங்கியது. பிரவீனாவின் மகளுக்குப் பார்த்த வரன் தட்டிப்போனது. காரின் பின்பக்கத்தை ஒரு மொபெட் உரசிவிட்டுப் போனது. மூன்றுக்கும் வெவ்வேறு காரணங்கள் இருந்தன. விளைச்சல் கூடினால் விலை இறங்கும். மாப்பிள்ளைக்கு வேறொரு பெண்ணைப் பிடித்திருந்தது. மொபெட்டுக்குப் பிரேக் இல்லை. ஆனால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் கொடுக்க ஒரு ஜோசியர் இருந்தார். கறுப்பு சனியின் நிறம், தினமும் ஏறி உட்காரும் வண்டிக்குள் சனியை விரித்து வைத்திருக்கிறீர்கள் என்றார். குருவுக்கு உகந்த மஞ்சள் பட்டுத் துணியை ஒரு வியாழக்கிழமை பார்த்து விரிக்கச் சொன்னார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே காரின் முன்பக்கப் பம்பரில் திருஷ்டிக்காகக் கறுப்புக் கயிறு கட்டித்தான் இருந்தது. கட்டியவர்கள் இவர்களே. வெளியே கட்டினால் கறுப்பு காப்பாற்றுமாம், உள்ளே விரித்தால் கெடுக்குமாம். கறுப்பு செய்யும் ஒரே உண்மையான வேலை வெளிச்சத்தை விழுங்குவது. அந்த வேலையைச் செய்த துணியைத்தான் எடுக்கச் சொன்னார்கள்.

மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. மதியம் கிடங்கில் வைத்தே பூஜை போட்டு, ஜரிகைக் கரை வைத்த மஞ்சள் பட்டுத் துணியை டேஷ்போர்டில் விரித்து, ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்தார்கள். கறுப்பு விரிப்பை அற்புதராஜ் மடித்து டிக்கியில் போட்டார்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து ராசிபுரம் போகும் ரோடு மேற்கே பார்த்துப் போகிறது. மாலையில் கிளம்பினால் சூரியன் நேர் எதிரே. கிளம்பும்போதே அற்புதராஜ் தயங்கினார்.

"அம்மிணி, ராசிபுரம் தாண்டற வரைக்கும் மட்டும் இந்தப் பட்டுத் துணியை எடுத்து வெச்சுக்கட்டுங்களா? கண்ணாடியில அடிக்குதுங்க."

"ஐயோ, இன்னைக்குத்தானுங்கண்ணா போட்டது! போட்ட அன்னைக்கே எடுத்தா நல்லா இருக்குமா, சொல்லுங்க?"

"சரிங்க."

கார் நகர்ந்தது. முன்கண்ணாடி முழுக்க ஒரு மஞ்சள் படலம். ஜரிகைக் கரை அதன் நடுவே நெருப்புக் கம்பி மாதிரி நெளிந்தது. அதற்கப்பால் ரோடு இருந்தது என்பது நினைவிலிருந்துதான் தெரிந்தது, கண்ணால் தெரியவில்லை. அற்புதராஜ் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போனது.

"ஏனுங்கண்ணா, மாட்டு வண்டி கணக்கா ஊருதே? வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊட்டுக்குப் போகோணும். நாளும் வியாழக்கெழமை."

"எதிர்வெயிலுங்க அம்மிணி."

"தெனமும் வர்ற ரோடுதானுங்களே?"

"சரிங்க."

அவர் ஆக்சிலரேட்டரை அழுத்தினார். இடது கையைக் கண்ணுக்கு மேல் குடையாகப் பிடித்தார். கண்ணுக்கு மேலிருந்து வரும் வெயிலைக் கை மறைக்கும். கீழேயிருந்து கண்ணாடியில் எழும்புவதை எந்தக் கையும் மறைக்காது. வண்டியில் ஐந்து பேருக்கு இடம் இருந்தது. பார்க்கும் வேலை ஒருவருக்கு மட்டும்தான். அந்த ஒருவருக்கு, தன் கண்ணுக்கு முன்னால் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை இல்லை.

அந்த நேரத்தில் பெரியநாயகி வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். வேகவைத்துக் காய்ந்த மஞ்சளை மெருகேற்றும் பட்டறையில் அவருக்கு வேலை. டிரம் சுற்றச் சுற்ற எழும்பும் தூசி ஆட்களை விடாது. பட்டறையை விட்டு வெளியே வரும்போது தலைமுடி, இமை, சேலை, கால்விரல் எல்லாம் மஞ்சள். அந்த மஞ்சள் மேனியோடு, ரோட்டின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மண்ணில்தான் போய்க்கொண்டிருந்தார். மஞ்சள் படர்ந்த கண்ணாடிக்குள் அவர் கரைந்துபோனார்.

அற்புதராஜ் அவரைப் பார்க்கவே இல்லை. சத்தத்தைத்தான் கேட்டார்.

இறங்கி ஓடியபோது பெரியநாயகி மண்ணில் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இருக்கக் கூடாத திசையில் திரும்பிக் கிடந்தது. ரத்தம் நிற்கவில்லை. அற்புதராஜ் டிக்கியைத் திறந்தார். கைக்குக் கிடைத்தது அந்தக் கறுப்பு விரிப்புதான். அதை நீளமாகச் சுருட்டித் தொடையில் இறுக்கிக் கட்டினார். ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு நிமிர்ந்தபோது, பிரவீனா முன்சீட்டுப் பக்கம் குனிந்து நிற்பதைப் பார்த்தார். அவர் மஞ்சள் பட்டுத் துணியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா," என்றார். "துணியைப் பத்தி எதுவும் சொல்லீராதீங்கண்ணா."

காவல் நிலையத்துக்கு நவநீதகிருஷ்ணன் ஒரு வக்கீலோடு வந்தார். அற்புதராஜைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அற்புதம், அந்தப் பொம்பள திடீர்னு குறுக்க வந்துட்டா. அதுக்கு நீ என்ன பண்ணுவ? அப்படித்தான சொல்லோணும்? வேற ஒண்ணும் பேசவேண்டாம். உனக்கும் நல்லது, எல்லாத்துக்கும் நல்லது."

"சரிங்க."

தினசரியைப் புரட்டிப் பாருங்கள். நம் நாட்டில் நடந்து போகிறவர்கள் எல்லாரும் திடீரென்று குறுக்கே வருகிறவர்கள். கார்கள் ஒருபோதும் திடீரென்று வருவதில்லை. காலால் நடப்பவர் தன் காலை இழந்த பிறகும் குற்றவாளிதான். அந்த வாக்கியத்தை யாரும் புதிதாக எழுத வேண்டியதில்லை, ஒவ்வொரு விபத்துக்கும் தயாராக இருக்கிறது. பெரியநாயகியின் பெயர் அந்த வாக்கியத்தில் ஏறியது.

சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் பெரியநாயகியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அற்புதராஜ் வேலைக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார், ஆனால் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. சர்ச்சில் பங்குச்சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். கடவுள் மன்னித்துவிட்டார் என்று சாமியார் சொன்னாராம். காலை இழந்தவர் ஒருவர், மன்னித்தவர் இன்னொருவர்! ஜோசியருக்கும் அந்த மன்னிப்புக்கும் இடையில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுமே நடந்ததை நடந்த இடத்திலிருந்து வேறெங்கோ தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. நல்லவேளையாக இன்னாசிமேரிக்கும் அப்படித்தான் பட்டது.

"கோயில்ல சொல்லிட்டீங்க, சரி. அந்தம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"என்னன்னு சொல்றது மேரி?"

"கோயில்ல என்ன சொன்னீங்களோ அதைத்தான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனார். பெரியநாயகியின் வீடு நாமகிரிப்பேட்டைக்கு வெளியே, ஓடு போட்ட ஒற்றை அறை. கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மஞ்சள் தூசி எல்லாம் கழுவிப் போயிருந்தது. இப்போதுதான் அந்த முகத்தை அற்புதராஜ் முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தார்.

"காரு ஓட்டுனது நாந்தாங்க" என்றார் வாசலில் நின்றபடி.

பெரியநாயகி திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். திட்டினால் கொஞ்சம் பாரம் குறையும் என்றுகூட நினைத்திருந்தார்.

"வாங்க சாமி. ஏன் வெளிய நிக்கறீங்க? உள்ள வந்து உக்காருங்க." கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒரு துணிப்பையை இழுத்தார். "இது உங்க துணிங்களா? ஆஸ்பத்திரியில பையில போட்டுக் குடுத்தாங்க. இதைக் கட்டலீன்னா உசுரே போயிருக்கும்னாங்க டாக்டரு. பக்கத்து ஊட்டுப் புள்ளைகிட்டக் குடுத்துத் தொவச்சு வெச்சிருக்கறேன்."

கறுப்பு விரிப்பு. நான்காக மடித்திருந்தது. அற்புதராஜ் அதை வாங்கவில்லை, கையே நீளவில்லை.

"என்னால உங்களுக்கும் எவ்வளவு கஷ்டம் பாருங்க" என்றார் பெரியநாயகி. "கேசு, கோர்ட்டுன்னு. நாந்தான் குறுக்க வந்துட்டேன்."

"யாருங்க அப்படிச் சொன்னது?"

"எல்லாரும் அதைத்தான சொல்றாங்க. போலீசுல எழுதியிருக்குதாமா. எனக்கு ஓரமா நடந்த மாதிரிதான் நெனப்பு. ஆனா அடிபட்ட மண்டைங்க, என்ன நெனப்பு இருக்கும்? வேலை செஞ்ச அசதியில வந்திருப்பேனாட்ட இருக்குது. எனக்கும் நேரஞ் சரியில்ல. அதான் போச்சு."

தன் காலைத் தானே தொலைத்ததாக அவர் நம்பிவிட்டிருந்தார். ஒரு பொய்யைப் போதுமான பேர் போதுமான தடவை சொன்னால், பாதிக்கப்பட்டவரே அதை ஒப்புக்கொண்டு, பொய் சொன்னவரிடம் மன்னிப்பும் கேட்பார். இந்த நாட்டில் ஏழைகள் மேல் சுமத்தப்பட்ட எல்லாமே இப்படித்தான் "நேரம்" என்றும் "விதி" என்றும் பெயர் வாங்கிக்கொண்டு நிற்கின்றன.

அற்புதராஜ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க குறுக்க வரலீங்க."

பெரியநாயகி புரியாமல் பார்த்தார்.

"ஓரமாத்தான் போனீங்க. கோட்டுக்கு அந்தப் பக்கம், மண்ணுல. வண்டிதான் மண்ணுல எறங்குச்சு. எனக்குக் கண்ணு தெரியல. தெரியலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நிறுத்தல."

பெரியநாயகி விரிப்பை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, கோபமே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலக் கேட்டார்:

"ஏன் சாமி நிறுத்தல?"

அற்புதராஜிடம் இருந்த பதில் அந்த ஒற்றைச் சொல்தான். அதைத்தான் அவர் அன்று காருக்குள் சொல்லியிருந்தார்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. கோர்ட் வராந்தாவில் நவநீதகிருஷ்ணன் வைத்த வக்கீல் அவரை ஒரு தூணோரம் நிறுத்திப் பாடம் சொன்னார். வக்கீல் போட்டிருந்த அங்கியின் துணியை அற்புதராஜுக்கு நன்றாகத் தெரியும். வெளியே வெள்ளை வெயில் கொளுத்தியது. அந்தத் துணியில் மட்டும் ஒரு துளி வெளிச்சமும் எழும்பவில்லை.

"குற்றத்தை ஒத்துக்கறயான்னு ஜட்ஜம்மா கேப்பாங்க. இல்லைன்னு சொல்லுங்க. அந்தம்மா திடீர்னு குறுக்க வந்தாங்க, அவ்வளவுதான். மிச்சத்தை நான் பாத்துக்கறேன். சரிதானே?"

"இல்லீங்க."

வக்கீல் தான் தவறாகக் கேட்டுவிட்டதாக நினைத்தார். "என்னது?"

"இல்லீங்க. அவங்க ஓரமாத்தான் போனாங்க."

நீதிபதியிடமும் அதையே சொன்னார். அந்தம்மாள் மேல் தப்பில்லை, கண்ணாடியில் வெயில் அடித்து ரோடு தெரியவில்லை, தெரியாமலே ஓட்டினேன் என்றார். நீதிபதி யோசித்துச் சொல்லும்படி ஒருமுறை எச்சரித்துவிட்டு, பிறகு எழுதிக்கொண்டார். தண்டனையாக அபராதம் விதித்தார்கள், லைசென்ஸை முடக்கினார்கள். நவநீதகிருஷ்ணன் வீட்டு வேலை அன்றே போனது. சுவரில் சாய்ந்து ஊன்றுகோலோடு நின்றிருந்த பெரியநாயகி, தான் குறுக்கே வரவில்லை என்பதை அரசாங்கத்தின் வாயால் ஒருமுறை கேட்டார். அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அது சின்ன விஷயம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அது போதும் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

மஞ்சள் பட்டுத் துணியைப் பற்றி அற்புதராஜ் கோர்ட்டில் சொல்லவே இல்லை. அது எனக்கு இன்றும் ஆத்திரம். அவரிடமே கேட்டேன். இப்போது அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டிகள் நிறுத்துமிடத்தில் விசில் ஊதிக்கொண்டிருக்கிறார்.

"அதைச் சொன்னா என்னைக் காப்பாத்திக்கிற மாதிரி ஆயிருங்க" என்றார். "துணியை விரிச்சது அவங்க. வண்டியை ஓட்டுனது நானு."

அவர் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. விரித்தவர்களையும், விரிக்கச் சொன்னவரையும், வெயில் என்று ஒன்று இருப்பதையே மறந்து காருக்குள் அந்தச் சிலேட்டு ஸ்கிரீனை நட்டவர்களையும் அந்தக் கூண்டில் ஏற்றியிருக்க வேண்டும். ஒருவரையும் ஏற்றவில்லை. காரைக்கூட விற்றுவிட்டார்கள். ராசியில்லாத வண்டியாம்.

பேசிக்கொண்டிருந்தபோது மண்டபத்துக்குள் ஒரு கார் திரும்பியது. மாலை வெயில் அதன் முன்கண்ணாடியில் பட்டு எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது. அற்புதராஜ் கண்ணை மூடிக்கொண்டார். கார் நின்ற பிறகும் அவர் உடனே திறக்கவில்லை.

"இல்லீங்கன்னு ஒரு வார்த்தைங்க" என்றார், கண்ணை மூடியபடியே. "கோர்ட்டுல சொன்னேன், வாயி நோகல. யாரும் அடிக்கல. அன்னைக்கு ரோட்டுலயும் யாரும் அடிச்சிருக்க மாட்டாங்க. அம்மிணி ரெண்டு வார்த்தை திட்டியிருக்கும். அவ்வளவுதானுங்களே?"

கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "எங்கப்பா நிறுத்தறது?" என்று அதட்டினார். அற்புதராஜ் கண்ணைத் திறந்து விசிலை வாயில் வைத்துக்கொண்டு நடந்தார்.